இருட்டுத் தட்டு

வெல்லிங்டன் சரிவில், ரயில்பாதைக்குக் கீழே,
மழை விட்ட மூன்றாம் நாள்
மூக்கு வெந்து நின்றது பெள்ளனின் ஜெர்சிப் பசு.
அதே செடியை மேய்ந்த எருமை
பக்கத்தில் படுத்து
ஒன்றுமே நடக்காததுபோல் அசைபோட்டது.
"மேகம் மூடியிருந்தா ஒண்ணும் ஆவாது டாக்டர்.
வெயில் வந்தாத்தான், அதுவும் வெள்ளைத் தோல்லதான்."
நான் மாட்டு டாக்டர் இல்லை என்று
சொல்ல வாயெடுத்து, குனிந்துவிட்டேன்.

முழங்கால் உயரம். மஞ்சள் பூ, ஐந்து இதழ்,
ஓரமெல்லாம் மிளகைப் பொடித்துத் தூவிய புள்ளி.
மொட்டை நசுக்கினால்
விரலில் சிவப்பு. கழுவினாலும்
நகக்கண்ணில் மூன்று நாள்.

அந்தச் சிவப்பின் பின்னால் இரண்டு வருடம்.

குன்னூரில் ஆடி மாதம்
சூரியன் கடன் சொல்லிவிட்டுப் போய்விடும்.
வெளிச்சத்தை நாங்களே செய்துகொள்ள வேண்டும்.
கல்யாண வீட்டுக்கு சீரியல் செட் கட்டும் பெலிக்ஸ்
வர்க்கி டின் ஒன்றில் துளை போட்டு
ஆரஞ்சு பல்பு நாற்பது பொருத்தித் தந்தான்.
ஏலக்காய் பிஸ்கட் வாசம் இன்னும் போகவில்லை அதில்.

இரண்டு தட்டு.
ஒரே புற்றுச் செல், ஒரே சாறு, ஒரே சூடு.
ஒன்று டின்னுக்குள் போகும்.
மற்றது அலுமினியத் தாளுக்குள், இருட்டில்,
எதுவும் நடக்கக் கூடாது என்பதே
அதன் வேலை.

வாசலில் ராக்காவல் அருளாந்து.
அவர் மனைவி பிலோமினாவுக்குக் கன்னத்தின் உள்பக்கம்.
கோயம்புத்தூரில் கரண்டு வைக்கிறார்கள்.
பதினேழு ஆயிற்று, இன்னும் பதிமூன்று.
"டின்னுக்குள்ள என்னம்மா வேகுது?"
சொன்னேன்:
செடியில் இருப்பது இருட்டில் சாது.
வெளிச்சம் பட்டால் பக்கத்துப் பிராணவாயுவைச் சீண்டும்,
சீண்டப்பட்ட வாயு, இருக்கிற செல்லைக் கடித்துவிடும்.
"அப்ப செடி திரி. லைட்டு தீக்குச்சி.
எண்ணெய்?"
யோசித்தேன். மூச்சுதான், என்றேன்.
அவர் ஒரு மூச்சு இழுத்து
விடாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

வெள்ளிக்கிழமை காற்றில்
கற்பூரமரம் கம்பி மேல் விழுந்தது.
பதினோராவது நிமிடத்தில் டின் அணைந்தது.
மலை முழுக்க ஒரே கருப்பு;
தேயிலை ஃபேக்டரியின் வாடை மட்டும்
வழி தெரிந்து வந்துகொண்டிருந்தது.
எல்லாம் கெட்டது என்று நான் வீட்டுக்குப் போனேன்.

காலையில் பார்த்தால்
மேசை மேல் எமர்ஜென்சி லைட், உயிர் போகும் மஞ்சளில்.
"பாவம், ராத்திரி பூரா இருட்டுல கெடக்குமேன்னு
பக்கத்துல வெச்சேன்மா."
தாளில் பொட்டளவு அகலத்தில் ஒரு கிழிசல்.
என் அவசரம், என் கத்தரி.

திட்டுவதற்காகத்தான் திரும்பினேன்.
ஆனால் தட்டு ஏற்கெனவே நுண்ணோக்கியின் அடியில் இருந்தது.

கிழிசல் இருந்த இடத்தில் ஒரு பிறை.
பிறைக்குள் செல்கள் சுருண்டு, உருண்டு,
பிடி விட்டு மிதந்தன.
பிறைக்கு வெளியே அடுத்த வீட்டுக்காரன்
ஒன்றும் அறியாமல் கால் நீட்டிப் படுத்திருந்தான்.
வெயிலுக்கும் நிழலுக்கும் நடுவே
அத்தனை மெல்லிய கோட்டை
இந்த ஊரில் நான் பார்த்ததே இல்லை.

அவரையும் பார்க்கச் சொன்னேன்.
தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார்.
"இதுதானா அவ வாயில?"
அதன் ஒன்றுவிட்ட சொந்தம், என்றேன்.
"அப்ப இந்தச் சாறையும் லைட்டையும் அவளுக்கு..."
இல்லை அண்ணா.
இது தட்டு. வாய் வேறு, ரத்தம் வேறு.
வருடக்கணக்காகும். ஆகாமலும் போகும்.
தலையாட்டினார். சொன்னதைவிட
அதிகமாகவே புரிந்தவர் போல.
திங்கட்கிழமை நாலே முக்கால் பஸ்,
சனிக்கிழமையே சீட்டு போட வேண்டும் என்று
விளக்கைச் சார்ஜில் மாட்டினார்.
கரண்டு இன்னும் வரவில்லை.

நோட்டில் எழுதினேன்:
தட்டு முப்பத்தொன்று. கணக்கில் சேராது.
காரணம், தாள் கிழிசல்.
'ஒளி மூலம்' என்ற கட்டத்தில்
அருளாந்து என்று எழுதி,
அடித்து,
எமர்ஜென்சி விளக்கு என்று திருத்தினேன்.

அடித்தது இன்னும் வாசிக்கக் கிடைக்கிறது.